சனிக்கிழமை பொழுது சாஞ்சா அடுப்புக்கு லீவு

எங்க கடலூர்ல ஒரு கிறிஸ்தவ வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு சட்டுனு புரியாது. எட்டரை மணிக்கு ஆராதனை, அதுக்கு முன்னாடி ரெண்டு புள்ளைங்களையும் எழுப்பி கிளப்பி, சண்டே ஸ்கூல் மனப்பாட வசனத்த ஒருதடவ சொல்ல வச்சு, இட்லி ஊத்தி, மட்டன் வாங்க இவர ஆறு மணிக்கே அனுப்பி (ஏழு தாண்டுச்சுன்னா கறிக்கடை கூட்டம் ரோட்டுக்கு வந்துடும், நமக்கு எலும்பும் ஜவ்வும் தான்), வெங்காயம் உரிச்சு, மசாலா அரைச்சு வச்சு, அப்புறம் அவசர அவசரமா புடவையச் சுத்திக்கிட்டு ஓடி கோயில்ல போய் உக்காந்தா பாதி பாமாலை முடிஞ்சிருக்கும். பிரசங்கம் நடக்கும்போது மனசு கறி வேகறதுக்கு எத்தன விசில்னு எண்ணிட்டு இருக்கும். பதினோரு மணிக்கு வெளிய வந்தா பெண்கள் சங்க மீட்டிங், வீட்டுக்கு வந்தா குழம்பு, வறுவல், ரசம், யாராவது நாத்தனார் கொழுந்தனார் குடும்பத்தோட வந்திருப்பாங்க, பாத்திரம், யூனிஃபார்ம் துவைக்கணும், ஷூ தேய்க்கணும், திங்கக்கிழமைக்கு மாவு ஆட்டணும், நான் டீச்சர்ங்கறதால திருத்த வேண்டிய பேப்பர் கட்டு வேற ஒண்ணு மூலையில இருந்து மொறைக்கும். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நாளைக்கு ஸ்கூலுக்குப் போனா கொஞ்சம் உக்காரலாம்னு தோணும் பாருங்க, அதான் எங்க ஓய்வுநாள்.

நான் லூத்தரன் சபைல வளர்ந்தவ. பாஸ்டர நாங்க ஐயர்னு தான் சொல்லுவோம், கேக்கற மத்தவங்க குழம்பிடுவாங்க, அது வேற கதை. சபைல முழு அங்கத்தினரா சேர்றதுக்கு முன்னாடி நடக்கற திடப்படுத்தல் வகுப்புல மார்ட்டின் லூத்தர் 1529-ல எழுதின சின்ன ஞானோபதேசத்த, அதாவது கேள்வி பதிலா இருக்கற விசுவாசப் பாடப் புத்தகத்த, அப்படியே ஒப்பிக்கணும். பத்துக் கட்டளையில ஒவ்வொண்ணயும் நாங்க கற்பனைன்னு சொல்லுவோம், ஓய்வுநாள ஆசரிக்கணும்ங்கறது எங்களுக்கு மூணாம் கற்பனை. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை புள்ளைங்களுக்கு அதே கற்பனை நாலாவது, எண்ணுற கணக்கு வேற, இதுக்காகவே காலேஜ்ல ஒரு ஸ்நேகிதியோட சண்ட போட்டிருக்கேன். அந்தக் கற்பனைக்கு லூத்தர் அதுல குடுக்கற விளக்கம் என்னன்னா, பிரசங்கத்தையும் தேவ வசனத்தையும் அசட்ட பண்ணாம, பரிசுத்தமா நெனச்சு ஆசையா கேட்டுக் கத்துக்கணும், அவ்ளோதான். வேலைய நிறுத்து, உக்காரு, படுன்னு அதுல ஒரு வரி கெடையாது. அதனால எங்க எல்லாருக்கும் ஓய்வுநாள்னா கோயிலுக்குப் போறது, போயிட்டு வந்துட்டா கடமை முடிஞ்சுது. ஆனா அதே வருஷம் அவர் எழுதின பெரிய ஞானோபதேசத்துல வேற மாதிரி பேசறாரு, வாரம் பூரா பாடுபட்ட வேலைக்காரனும் வேலைக்காரியும் ஒரு நாளாவது ஒதுங்கி இளைப்பாறணும், அது உடம்புக்கே வேண்டியதுன்னு. பெரிய புத்தகத்த யாரு புள்ளைங்களுக்கு ஒப்பிக்கச் சொல்றா? சின்னதுல விட்டுப்போனது எங்க வாழ்க்கையிலயும் விட்டுப்போச்சு.

பைபிள்ல அந்தக் கற்பனை வர்ற யாத்திராகமம் 20-ம் அதிகாரத்த எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. யாரெல்லாம் வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு கன்னு, ஊருக்குள்ள வந்து தங்கியிருக்கற அந்நியன் வரைக்கும் வருது. பொண்டாட்டி இல்ல. மாட்டுக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையான்னு ஒரு நாள் ராத்திரி இவர்கிட்ட கேட்டேன், "நீன்னு சொன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்த்தி தாம்மா, வேத அறிஞர்களே அப்படித்தான் சொல்றாங்க"ன்னாரு. இருக்கலாம், நானும் அந்த விளக்கத்தப் படிச்சிருக்கேன், ஒத்துக்கறேன். ஆனா எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் அந்த "நீ"ய யாரு தனக்குன்னு எடுத்துக்கிட்டாங்கன்னு ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு எட்டிப் பாத்தா தெரிஞ்சுடும். சாப்ட்டு கைலியோட ஃபேனுக்குக் கீழ கவுந்திருக்கறவங்க ஒரு பக்கம், தொட்டி நெறைய பாத்திரத்தோட நிக்கறவங்க ஒரு பக்கம்.

இது என் புலம்பல் மட்டும் இல்ல. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதுல செலவழிக்கறாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம். அதுலயும் அந்த 97, வீட்டு வேலையில கை வைக்கிற ஆம்பளைங்களோட சராசரி, கையே வைக்காதவங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. நம்ம நாட்டுல ஞாயித்துக்கிழமை லீவுங்கறது வானத்துல இருந்து விழுந்தது இல்ல, பம்பாய் மில் தொழிலாளிங்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே வருஷக்கணக்கா போராடி 1890-ல வாங்கினது. மில்லுக்கு சங்கு இருந்துச்சு, சங்கு ஊதலன்னா வேலை இல்ல. அடுப்புக்கு ஏது சங்கு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, கி.பி. 321-ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயித்துக்கிழமை நகரத்துல எல்லாரும் வேலைய நிறுத்தணும்னு ஆணை போட்டப்பவும் விவசாயிங்களுக்கு விலக்கு குடுத்தாரு, பருவம் தப்பிடும்னு. சமையல்கட்டப் பத்தி விலக்கும் இல்ல பேச்சும் இல்ல, அது நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

வீட்டு வேலையில இருக்கற சூட்சுமம் அது முடியவே முடியாதுங்கறது தான். பேப்பர் கட்டு திருத்தினா முடியும், இவர் கம்பெனில ஷிஃப்ட் முடியும். துவைச்ச துணிய மடிக்கறதுக்குள்ள அடுத்த துணி அழுக்காயிடும். இதெல்லாம் முடிச்சுட்டு கொஞ்சம் படுப்போம்னு நெனைக்கறவ சாகற வரைக்கும் படுக்க மாட்டா, எங்கம்மா அப்படித்தான் இருந்தாங்க.

சரி, வேலை தானா நின்னா ஓய்வு வந்துடுமான்னு கேட்டா அதுவும் வராது. கடலூர்க்காரங்களுக்கு இத சொல்லித் தர வேண்டியதில்ல. 2011 டிசம்பர் 30, தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்துச்சு, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, நாள்கணக்கா கரண்ட் இல்ல. ஸ்கூல் இல்ல, கம்பெனி இல்ல, டிவி இல்ல, ஊரே நின்னு போச்சு. யாராவது ஓய்வெடுத்தோமா? கொடத்தத் தூக்கிட்டு லாரி தண்ணிக்கு நின்னோம், ஈர வெறகுல கண்ணு எரிய எரிய சமைச்சோம். 2020 ஊரடங்கும் அப்படித்தான், எல்லாரும் வீட்டுல இருந்தாங்க, அதனால மூணு வேளையும் நாலு டீயும். வெளிய இருந்து வந்து நிறுத்தினா அது தடை, நாமளா ஒரு கோடு கிழிச்சு வீட்டுல இருக்கற எல்லாரும் ஒண்ணா நிறுத்தினாத்தான் ஓய்வு. இத நான் புரிஞ்சிக்க கொஞ்ச காலம் ஆச்சு.

கோட எங்க கிழிக்கறதுன்னு யோசிச்சப்ப தான் யூதங்க வழக்கம் கண்ணுல பட்டுச்சு. அவங்களுக்கு நாள் சாயங்காலத்துல தான் ஆரம்பிக்குது, ஆதியாகமம் முதல் அதிகாரத்துலயே சாயங்காலம் முன்னாடி, விடியற்காலம் பின்னாடின்னு தானே வருது, சின்ன வயசுல இருந்து படிச்சிருந்தும் நான் அதக் கவனிச்சதில்ல. வெள்ளிக்கிழமை சூரியன் அடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெளக்கு ஏத்தினா சனிக்கிழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஓய்வுநாள். அதாவது நாளோட முதல் காரியமே சாப்பிடறதும் தூங்கறதும், வேலை எல்லாம் அதுக்கப்புறம். நம்ம ஊர்ல ஓய்வுங்கறது வேலைக்குக் கூலி, எல்லாத்தையும் முடிச்சவளுக்குத் தான் கெடைக்கும். இங்க தலைகீழ், சூரியன் யார்கிட்டயும் பாத்திரம் கழுவியாச்சான்னு கேக்கறதில்ல, அது பாட்டுக்கு எறங்கிடும்.

அதனால நாங்க எங்க வீட்டு அளவுல ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். சனிக்கிழமை பொழுது சாஞ்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை பொழுது சாயற வரைக்கும் வீட்டு வேலை கெடையாது. கர்த்தருடைய நாளும் அதுக்குள்ள வந்துடுது, கோயிலும் தப்பல. நவம்பர்ல அஞ்சேமுக்காலுக்கே இருட்டிடும், ஜூன்ல ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால கடிகாரத்தப் பாக்காம மாடிக்குப் போய் பையன் பாத்துட்டு வந்து "எறங்கிடுச்சு"ன்னு கத்துவான். அந்த நேரத்துல தொட்டியில என்ன பாத்திரம் கெடக்கோ அது அங்கயே கெடக்கும். இது கேக்க சுலபமா இருக்கு, தண்ணி ஊத்தி ஊற வச்ச எண்ண சட்டிய அப்படியே விட்டுட்டு வந்து ஹால்ல உக்காரறது எவ்ளோ கஷ்டம்னு உக்காந்து பாத்தவங்களுக்குத் தான் தெரியும். கை தானா எழுந்து போவும்.

ஆனா இதுக்கு முந்தின கதை ஒண்ணு இருக்கு. நான் ஒருத்தி சனிக்கிழமையே ரெண்டு நாள் வேலைய இழுத்துப் போட்டு செஞ்சுட்டு ஞாயித்துக்கிழமை படுத்தா அதுக்குப் பேரு ஓய்வு இல்ல, அட்வான்ஸ். வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துல இருந்து மன்னாங்கற ஆகாரம் வந்த கதையில ஆறாம் நாள் ரெண்டு பங்கு சேத்து வச்சுக்கோ, வேக வைக்கறத இன்னிக்கே வேக வைன்னு சொல்றதப் படிக்கும்போது எனக்கு முதல்ல தோணினது, வேக வச்சது யாருன்னு தான். அதனால எங்க வீட்டுல சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வேல செய்யணும். துணி இவர் பொறுப்பு, மெஷின்ல போட்டு மாடியில காயப்போட்டு மடிக்கற வரைக்கும், மெஷின்ல போடறதோட நிறுத்தினா கணக்குல வராது. பொண்ணு எட்டாவது படிக்கறா, ரெண்டு பேரோட ஷூ, ஸ்கூல் பை, டைம்டேபிள் அவளுது. மாவு வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆட்டியாச்சு. பையன் வெங்காயம் உரிப்பான், அழுதுக்கிட்டே, மூஞ்ச அவ்ளோ கிட்ட வச்சுக்கிட்டு உரிச்சா அழாம என்ன பண்ணுவான்.

பெரிய எதிர்ப்பு அத்தைகிட்ட இருந்து வந்துச்சு. "ஞாயித்துக்கிழமை பழசு திங்கறதா? எங்க மாமனார் காலத்துல இருந்து இந்த வீட்டுல அன்னிக்குக் கறி கொதிக்காம இருந்ததில்ல." நான் எதுத்துப் பேசல, கறி வேணும்னா இருக்கட்டும் அத்தை, சனிக்கிழமை வாங்கி சனிக்கிழமையே வைப்போம்னேன். சனிக்கிழமை கடையில கூட்டம் இல்ல, நல்ல தொடைக்கறியா கேட்டு வாங்கலாம், ஞாயித்துக்கிழமை சூடு மட்டும் பண்ணிக்கறோம். யூதங்களுக்கு அதுவும் கூடாது, ஓய்வுநாள்ல நெருப்பு மூட்டறது யாத்திராகமம் 35-லயே தடை, அதனால அவங்க வெள்ளிக்கிழமையே கறியும் பயறும் போட்ட ஒரு சட்டிய சின்னத் தீயில வச்சு விட்டுருவாங்க, ராத்திரி பூரா அது பாட்டுக்கு வெந்து மறுநாள் மதியம் சாப்பாடு. நாங்க அவ்ளோ கண்டிப்பு இல்ல. ஆனா நெருப்பே இல்லாத ஓய்வுநாள் சாப்பாடு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கே, மண்சட்டியில நேத்து வச்ச மீன் குழம்பும் பழைய சோறும், அதுக்கு மேல என்ன வேணும். மீன் குழம்பு மறுநாள் தான் ருசின்னு அத்தையே தான் எனக்கு சொல்லிக் குடுத்தாங்க, அத ஞாபகப்படுத்தினதும் ஒண்ணும் பேசல. இப்ப அவங்க தான் சனிக்கிழமை புளி கரைக்கறாங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுங்க கடலுக்குப் போகாது, மீன் முட்ட போட்டு பெருகட்டும்னு 61 நாள் தடைக்காலம், துறைமுகத்துல போட்டெல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கும். அப்ப பெரிய மீன் வெல கைய சுடும், கருவாட்டுக் குழம்பு தான், அது மூணாம் நாள் வரைக்கும் கூட நல்லா இருக்கும். கடலுக்கே சட்டம் போட்டு லீவு விட்டாத்தான் அடுத்த வருஷம் மீன் இருக்கும்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒரு நாள் குடுக்க எங்க வீட்டுல அவ்ளோ விவாதம்.

அந்த ஒரு நாள்ல என்ன பண்றீங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை ராத்திரி கறி வாசனையோட ஜெபம், பாய் விரிச்சு எல்லாரும் ஹால்லயே படுக்கறது, ஞாயித்துக்கிழமை மதியம் கேரம் போர்டு, இல்லன்னா தூக்கம். மொத கொஞ்ச வாரம் புள்ளைங்க "போர் அடிக்குதும்மா"ன்னு வந்து வந்து நின்னாங்க, அடிக்கட்டும்னு விட்டேன், இப்ப பையன் பழைய டப்பாவ வச்சு கப்பல் பண்றான், பண்ணி முடிச்சு ஒடைக்கறான், திரும்பவும் பண்றான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போறத விட்டாச்சு, வண்டி நிறுத்தவே இடம் இருக்காது, அங்க போயிட்டு வந்தா இன்னொரு நாள் லீவு வேணும். ஃபோன் விஷயத்துல மட்டும் எனக்கும் இவருக்கும் இன்னும் தீர்ப்பு ஆகல, அவர் வாட்ஸாப் பாக்கறது வேலையா ஓய்வாங்கற கேள்விக்கு யூத குருமாருங்க பிரிச்சு வச்சிருக்கற 39 வகை வேலையிலயும் பதில் இருக்காதுன்னு நெனைக்கறேன்.

எல்லா வாரமும் நடக்காது. இவர் சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை, நைட் ஷிஃப்ட் வந்தா ஞாயித்துக்கிழமை அவருக்குத் தூங்கற நாள், ஆஃப் புதன்கிழமை வரும். மார்ச் மாசம் பொண்ணுக்கும் எனக்கும் பரீட்சை, எழுதறது அவ, திருத்தறது நான். திடீர்னு மாமா வீட்டுல இருந்து ஆறு பேர் வந்து எறங்கிட்டா ஓய்வுநாள்னு சொல்லி கதவ சாத்த முடியுமா, நம்ம ஊர்ல அப்படி சொல்லிட்டு அப்புறம் கல்யாணங்காட்சியில மூஞ்சிய வச்சுக்க முடியாது. வந்தவங்களுக்கும் அதே மீன் குழம்பு, பத்தலன்னா முட்ட. அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல.

எனக்கு உறுத்தறது வேற ஒண்ணு. சுலபமான வழின்னு ஒண்ணு இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல சாப்டுக்கலாம், இல்லன்னா ஃபோன்லயே பிரியாணி ஆர்டர் பண்ணிக்கலாம், அடுப்பு எரியாது, பாத்திரம் கெடையாது. ரொம்ப வாரம் அப்படித்தான் ஓட்டினோம். அந்தப் பார்சல கொண்டாந்து குடுத்த பையனுக்கு எங்க பையனவிட ஒரு பத்து வயசு தான் கூட இருக்கும், மதியம் ஒண்ணரை மணி வெயில்ல ஹெல்மெட்டக் கழட்டாம நிப்பான். லாரன்ஸ் ரோடு துணிக்கடைங்கள்ல ஞாயித்துக்கிழமை தான் கூட்டம், அங்க நிக்கற பொண்ணுங்க காலைல இருந்து நின்னுக்கிட்டே இருந்தாங்க, கடைக்காரர் அவங்களுக்கு உக்கார இடம் போட்டுத்தான் ஆகணும்னு தமிழ்நாட்டுல 2021-ல தான் சட்டமே திருத்தினாங்க. அப்ப என் ஓய்வு இன்னொருத்தர் முதுகுல ஏறி உக்காந்திருக்குன்னா? உபாகமம் 5-ம் அதிகாரத்துல அதே கற்பனை திரும்ப வரும்போது காரணம் மாறுது. யாத்திராகமத்துல, தேவன் ஆறு நாள்ல படைச்சு ஏழாம் நாள் ஓஞ்சாருன்னு சொன்னது, இங்க, நீ எகிப்துல அடிமையா இருந்தத மறக்காத, உன்ன மாதிரியே உன் வேலைக்காரியும் இளைப்பாறணும்னு சொல்லுது. உன்ன மாதிரியே. அந்த இடத்துல நான் நின்னுட்டேன்.

ஏன்னா எங்க வீட்டுலயும் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வராங்க. நாங்க ஞாயித்துக்கிழமை கோடு கிழிச்ச முதல் வாரம், தொட்டியில கெடக்கறத அக்கா வந்து பாத்துக்குவாங்கன்னு இவர் ரொம்ப சாதாரணமா சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே அக்காகிட்ட சொல்லிட்டேன், இனிமே ஞாயித்துக்கிழமை வர வேணாம், சம்பளத்துல பிடிக்க மாட்டேன்னு. நம்பாம பாத்தாங்க, வேற ஆள் பாத்துட்டேனோன்னு பயம் வேற. மாசம் திரும்பி முழு சம்பளம் கைல வந்தப்புறம் தான் மூஞ்சி தெளிஞ்சுது. மீன் குழம்பு வைக்கற வாரத்துல அவங்க வீட்டுக்கும் சேத்து ஒரு தூக்குல ஊத்திக் குடுக்கறது வழக்கமாச்சு, அத்தை இதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல.

போன மாசம் ஒரு சனிக்கிழமை தூக்க வாங்கிட்டுக் கெளம்பறப்ப, ஞாயித்துக்கிழமை நல்லா ரெஸ்ட் எடுக்கறீங்களாக்கான்னு கேட்டேன், கொஞ்சம் பெருமையாத்தான் கேட்டிருப்பேன்.

"எங்க டீச்சரம்மா? வாரம் பூரா உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கேன், எங்க வீட்டு வேல பூரா அன்னிக்குத்தான் சேந்து நிக்குது. குழம்பு சரி, துணிய யாரு துவைக்கறது, எங்க வூட்டுக்காரரா?"

இவர் பின்னாடி மாடிப்படியில ஈரத்துணி பக்கெட்டோட ஏறிட்டு இருந்தாரு, அவரப் பாத்துட்டு அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே. "ஐயாவ ஒரு நாளைக்கு எங்க வூட்டுக்காரர்கிட்ட பேசச் சொல்லுங்க"ன்னுட்டுப் போனாங்க. இவர் பேசறேன்னு சொல்லியிருக்காரு. அடுத்த ஷிஃப்ட் மாறட்டும்ங்கறாரு.